சோழவரம் பந்தயமும் ஒரு பென்சிலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இங்கிலாந்து நாட்டில் ‘ஸ்பீட்வே’ என்றொரு மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு. நம்மவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. முட்டை வடிவத்தில் ஒரு தடம். சுற்றளவு பெரும்பாலும் 300 மீட்டர் அளவில் இருக்கும். அதன்மீது நுணுக்கிய கல்தூளைப் பரப்பியிருப்பார்கள். ஓர் ஓட்டத்திற்கு நான்கே பேர், நான்கே சுற்று. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வண்டிக்கு 500 சி.சி. எஞ்சின் உண்டு, கியர் ஒன்றே ஒன்றுதான், பிரேக் கிடையவே கிடையாது! இடது காலில் இரும்பு லாடம் பொருத்திய செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி வளைவுகளில் சறுக்கிச் செல்கிறார்கள்.

நம் கல்லூரி நூலகத்தின் கடைசி அலமாரியில் கிடந்த ஒரு பழைய விளையாட்டுக் கலைக்களஞ்சியத்தில்தான் இதை முதலில் படித்தேன். படித்தவுடன் எனக்கு எழுந்தது விளையாட்டு ஆர்வம் அல்ல, இயற்பியல் ஐயம். படத்தில் இருந்தவர் இடப்பக்கம் வளைகிறார்; ஆனால் அவருடைய முன்சக்கரமோ வலப்பக்கம் திரும்பியிருக்கிறது! இது எவ்வாறு சாத்தியம்?

முதலாம் ஆண்டில் நாம் படித்த வாய்ப்பாட்டை நினைவுகூருங்கள். வளைவில் செல்லும் வண்டி சாய வேண்டிய கோணத்தின் டேன்ஜெண்ட், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் சென்றால், 48 டிகிரிக்கும் மேல் சாய வேண்டும். அவ்வளவு சாய்ந்தால் சாதாரண வண்டிக்குத் தூளான தரையில் பிடிப்பு நிற்காது, குப்புறத் தள்ளிவிடும். ஸ்பீட்வே வீரர் என்ன செய்கிறார் தெரியுமா? வழுக்குவதைத் தடுக்க முயல்வதில்லை; தாமே வழுக்க விடுகிறார். பின்சக்கரம் வெளிப்புறமாகச் சறுக்கும்போது வண்டியின் மூக்கு வட்டத்தின் உட்புறத்தை நோக்குகிறது. அப்போது எஞ்சின் கொடுக்கும் உந்துவிசையில் ஒரு பகுதியே வண்டியை மையத்தை நோக்கித் தள்ளுகிறது. ஆக, வேகத்தைக் குறைத்தால் விழுவார், கூட்டினால் வளைவார். எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, கரும்பலகையில் படம் போட்டு வகுப்பு முழுவதற்கும் விளக்கச் சொல்லிவிட்டார். அன்று நான் வியர்த்த வியர்வையை நண்பர்கள் அறிவார்கள்.

இந்தப் பந்தயம் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் மெய்ட்லண்டு என்ற ஊரில் 1923-ல் ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர் பொருட்காட்சித் திடலில் மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். 1928 பிப்ரவரி 19 அன்று லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டில் ‘ஹை பீச்’ என்ற இடத்தில் நடந்த பந்தயம் அதை இங்கிலாந்தில் நிலைநிறுத்தியது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போயிற்றாம். 1936-ல் வெம்பிளி மைதானத்தில் முதல் உலகக் கோப்பைப் போட்டி. வென்றவர் லயனல் வான் பிராக் என்ற ஆஸ்திரேலியர். 1981-ல் அதே வெம்பிளியில் நடந்த இறுதிப் போட்டிக்கு 90,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆலைத் தொழிலாளிகளும், பஸ் கண்டக்டர்களும், அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமாக வார நாள் மாலையில் வேலை முடிந்து வந்து பார்த்த விளையாட்டு இது.

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்ட செய்தி வேறு. வாயிலில் விற்கும் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரே கட்டங்களை வெறுமையாக அச்சிட்டிருப்பார்கள். முதலில் வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குச் சுழி. பார்க்க வந்தவர் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து கட்டத்தை நிரப்புவார். விழுந்தவர் யார், எஞ்சின் நின்றுபோனவர் யார் என்றும் குறித்துக்கொள்வார். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுக்கி வைப்பார். இன்று அந்நாட்டு ஸ்பீட்வே வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு முதல் ஆதாரம் பரண்மேல் கிடந்த இந்தப் பென்சில் எழுத்துகள்தாம். எழுதியவர் எவரும் சரித்திர ஆசிரியர் அல்லர்.

அவ்வாறு எழுதி வைத்தது நல்லதாயிற்று. ஏனெனில் மைதானங்கள் நிலைக்கவில்லை. கவென்ட்ரி நகரத்தின் பிராண்டன் மைதானத்தில் 1928-ல் தொடங்கிய ஓட்டம் 2016-ல் நின்றது. விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ்தான் தெரியும். அங்கேயும் ஸ்பீட்வே 2005 வரை ஓடிற்று. பின்னர் அவ்விடத்தில் கால்பந்து மைதானமும் அடுக்கு வீடுகளும் எழுந்துவிட்டன. லண்டனின் கிழக்கே வெஸ்ட் ஹாம் மைதானத்தை 1972-ல் இடித்து வீடு கட்டினார்கள். ஆனால் அந்த வீதிகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அந்த மைதானத்தில் ஓட்டிய உலக சாம்பியன்கள் வில்கின்சன், யங் ஆகியோர் பெயர்களை! முன்பு சொன்ன ஹாஸ்கின்ஸ் பெயரிலும் ஒரு சிறு தெரு உண்டு. நம் ஊரில் தெருவுக்குப் பெயர் வைப்பதென்றால் எத்தனை கட்சி, எத்தனை சாதி குறுக்கே வரும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குச் சோழவரம் நினைவுக்கு வந்தது. நான் பார்த்ததில்லை; நான் பிறக்கும் முன்பே அங்கே பந்தயம் நின்றுவிட்டது. என் பெரியப்பா சொல்லிக் கேட்டதுதான்.

பெரியப்பாவுக்குச் சேந்தமங்கலத்தில் ஒரு சிறிய பட்டறை உண்டு. சாதாரண நாளில் எக்ஸ்.எல்.களும் பழைய புல்லட்டுகளும் வரும். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் கொல்லிமலை ஏற வரும் இளைஞர்கள் நிற்பார்கள். காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி வெளியூரில் அவ்வளவு பெயர். (அந்த மலைப்பாதையைப் பந்தயத் தடமாக எண்ணி விழுந்து எழுந்து வருகிறவர்களையும் பெரியப்பா பார்த்திருக்கிறார். “ரோடு வேற, ரேஸு வேற சாமி” என்பார். எதிரே வாழைத்தார் ஏற்றிய வண்டி வரும் பாதையில் வீரம் காட்டுவதை நானும் விளையாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.) வருகிறவர்கள் வண்டியைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய பெரிய சொற்களாகப் பேசுவார்கள். பெரியப்பா ஒன்றும் பேசாமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். முனை கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் காற்று அதிகம்; பழுப்பு நிறமாக இருந்தால் சரி. அந்தப் பார்வையை அவர் கற்ற இடம் சோழவரம்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டிக் கல்கத்தா சாலையில் உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே விமான ஓடுதளம் ஒன்று அமைத்தார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் கிடந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டது. ஓடுதளம் என்பது நேர்கோடு. வளைவை மனிதர்தாம் உண்டாக்க வேண்டும். வைக்கோல் கட்டுகளையும் டயர்களையும் பீப்பாய்களையும் அடுக்கி வளைவு காட்டுவார்களாம். நிழலுக்கு மரமில்லாத வெட்டவெளி. அங்கே பல்லாயிரக்கணக்கில் மக்கள் கூடினார்கள். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்தார்கள். சமஸ்தானத்து மன்னர்கள் வெளிநாட்டுக் கார்களைக் கொண்டுவந்தார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா ஃபார்முலா ஒன் ரகத்தைச் சேர்ந்த ‘என்சைன்’ காரையே அங்கே ஓட்டிக் காட்டினார். கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து இங்கேயே பந்தயக் கார் செய்யலாம் என்று செய்து காட்டியவர்; அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்துக்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயரில் ஸ்பீட்வே இருந்தாலும் அது தார்த் தடம். அங்கே பிரேக் இல்லாமல் போனால் கதை முடிந்துவிடும்!

காரைவிட மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் சாமானிய மக்களுக்கு நெருக்கம். கார் எல்லார் வீட்டிலும் இல்லை. புல்லட்டும் ஜாவாவும் ராஜ்தூத்தும் தெருவில் ஓடுகிற வண்டிகள். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு வண்டி செய்வதே நின்றுபோனது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-லிருந்து நாம் செய்த புல்லட் இங்கிலாந்துக்கே கப்பலேறியது! வெள்ளைக்காரன் மறந்த எஞ்சினின் வயிற்றைத் திறந்து மூடும் வித்தையை நம் பட்டறைப் பையன்கள் கைவசம் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

பெரியப்பா அப்படிப்பட்ட ஒரு பட்டறைப் பையன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எந்த ஆண்டு சென்னைக்குப் போனீர்கள் என்று கேட்டேன். “இந்திரா அம்மாவைச் சுட்டாங்களே, அப்போ நான் கடைக்கு வந்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு” என்றார். 1984-லிருந்து மூன்றைக் கழித்தேன், 1981. அவருக்கு ஆண்டு என்பது எண்ணாக நினைவில்லை, நிகழ்ச்சியாகவே நினைவிருக்கிறது. நான் எண்ணாக மாற்றி எழுதிக்கொள்கிறேன்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பட்டறையில் வேலை ஆரம்பமாகுமாம். லைட், மட்கார்டு, கேரியர் எல்லாவற்றையும் கழற்றி எடை குறைப்பார்கள். சிலிண்டர் ஹெட்டைச் சற்றே இழைத்து அழுத்தத்தைக் கூட்டுவார்கள். காற்று போகிற வழியை எமரித் தாள் கொண்டு கண்ணாடிபோல் தேய்ப்பது பெரியப்பாவின் வேலை. விரல் நுனியில் ரேகை அழிந்துபோகும்வரை தேய்த்தாராம். “எந்தப் பக்கம் எவ்வளவு தேய்க்கணும்னு யார் சொன்னாங்க?” என்று கேட்டேன். “யாரும் சொல்லலை. விரலு சொல்லும்” என்றார். பின்சக்கரத்துச் சங்கிலிச் சக்கரத்தில் பல் குறைந்தால் உச்ச வேகம் கூடும், ஆனால் வளைவிலிருந்து கிளம்பும்போது வண்டி திணறும். பல் கூடினால் நேர்மாறு. சோழவரத்து நீண்ட நேர்ப்பாதைக்கு எத்தனை பல், அன்றைய எதிர்காற்றுக்கு எத்தனை பல் என்பது விடியற்காலை விவாதம். நாம் பாடப் புத்தகத்தில் படிக்கும் பல்சக்கர விகிதத்தை அவர்கள் டீ குடித்துக்கொண்டே பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

சோழவரம் என்றதும் அவருக்கு முதலில் நினைவு வருவது சத்தமல்ல, வாசனை. அதை ஒருநாள் சொன்னார். “வெளக்கெண்ணெ வாசம் சாமி. நம்ம ஊர்ல குழந்தைக்கு வயித்துக்குக் குடுப்பாங்களே, அதேதான். அங்க போய் மொத நாளு அந்த வாசம் வந்ததும் எனக்கு ஊரு ஞாபகம் வந்து அழுகை வந்திருச்சு.”

நான் வியந்து போனேன். ஸ்பீட்வே மைதானங்களைப் பற்றி எழுதுகிற ஆங்கிலேயர்களும் இதே வாசனையைத்தான் சொல்கிறார்கள்! ஆமணக்கெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. அதிகச் சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் படலமாக ஒட்டி நிற்கும். அதனால் பந்தய எஞ்சின்களுக்கு அதை ஊற்றினார்கள். ‘காஸ்ட்ரால்’ என்ற எண்ணெயின் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் சேலம், நாமக்கல் மேட்டு நிலங்களில் ஆமணக்கு பழைய பயிர். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வெம்பிளியில் பென்சில் பிடித்து உட்கார்ந்திருந்த ஆலைத் தொழிலாளியும் சோழவரத்தில் ஸ்பேனர் பிடித்து நின்ற என் பெரியப்பாவும் முகர்ந்தது நம் காட்டுச் செடியின் வாசனையை!

ஒரு பந்தயத்தில் அவர்கள் பட்டறை வண்டி முதலாவதாக வந்தது. ஓட்டியவரைத் தோளில் தூக்கினார்கள். பட்டறை முதலாளி பையன்களுக்கு ஆளுக்கு இருபது ரூபாயும் பிரியாணியும் வாங்கித் தந்தார். இரவு மீண்டும் கடைக்கு வந்து, மறுநாள் ரிப்பேர் வண்டிகளுக்கு இடம் வேண்டும் என்பதால் கோப்பை வாங்கிய வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தார்களாம். இதைச் சொல்லும்போது பெரியப்பா குரலில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

சென்ற பருவ விடுமுறையில் சென்னைக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். எழும்பூரில் 1896-ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் இருக்கிறது. பழைய செய்தித்தாள் கட்டுகளைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். விளையாட்டுப் பக்கத்தில் ஓட்டுநர் பெயர் இருக்கிறது. வண்டியின் பெயர் இருக்கிறது. நேரம் வினாடிக் கணக்கில் இருக்கிறது. பரிசு வழங்கிய பிரமுகரின் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. வண்டியைச் செய்தவன் பெயர் இல்லை. ஊருக்குத் திரும்பி அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். “ஓட்டுனவங்க பேரு பேப்பர்ல வரும். ஸ்பேனர் புடிச்சவன் பேரு எதுக்கு வரப்போவுது?” என்று கேட்டுவிட்டு, கார்புரேட்டரை ஊதிச் சுத்தம் செய்யப் போய்விட்டார்.

என் தந்தைக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. டிகிரி வாங்க அனுப்பினால் பட்டறைக் கதையை எழுதிக்கொண்டு திரிகிறானே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் கவலை நியாயமானதே. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பிழையின்றி எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். நான் எழுதாவிட்டால் விரல் சொன்னதை வேறு யார் எழுதுவார்கள்? பெரியப்பாவுக்கு இப்போது கண்ணில் புரை விழத் தொடங்கிவிட்டது. பிளக்கின் நிறத்தை என்னிடம் நீட்டி, “பழுப்பா, கறுப்பா?” என்று கேட்கிறார்.

சோழவரத்தில் 1980-களின் இறுதியோடு பந்தயம் நின்றது. ஓடுதளம் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமானது. இரவல் இடத்தில் எத்தனை காலம் ஓடுவது? கிளப்பே ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கித் தனித் தடம் போட்டது. 1990-ல் அது திறந்தது. சுற்றளவு 3.7 கிலோமீட்டர், ஒழுங்கான வளைவுகள், பாதுகாப்பான தடுப்புகள். இது வளர்ச்சிதான், ஐயமில்லை. கோவை நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னை கருண் சந்தோக் 2010-ல் அவரைத் தொடர்ந்தார். 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கொளியில் தெருவிலேயே கார்ப் பந்தயம் நடந்ததைத் தொலைக்காட்சியில் நாம் எல்லாரும் பார்த்தோம். பெரியப்பாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கார்களைப் பார்க்கவில்லை அவர். வண்டி உள்ளே வந்து நின்றதும் ஓடிவரும் சீருடை அணிந்த மெக்கானிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “முதுகுல பேரு போட்டிருக்காங்களா?” என்று கேட்டார். திரையில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இப்போது என்னிடம் 80 பக்க நோட்டு ஒன்று நிரம்பி, இரண்டாவது நோட்டில் பாதி ஆகியிருக்கிறது. ஸ்பீட்வே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நானே கட்டம் போட்டிருக்கிறேன்: ஆண்டு, வண்டி, எஞ்சினில் செய்த வேலை, ஜெட் அளவு, சங்கிலிச் சக்கரப் பல், செய்தவர் பெயர், அவர் ஊர். கடைசி இரண்டு கட்டங்களுக்குத்தான் அதிக இடம் விட்டிருக்கிறேன். பெரியப்பா சொல்லச் சொல்ல இதுவரை பதினொரு பெயர்கள் வந்திருக்கின்றன. அவர்களில் மூவர் நம் பக்கத்து ஆட்கள். ஒருவர் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி எஞ்சின் பார்க்கிறார். அவரைப் பொங்கல் விடுமுறையில் பார்க்கப் போகிறேன்.

நண்பர்களே, நாமக்கல்லிலும் ராசிபுரத்திலும் பட்டறை இல்லாத தெரு ஏது? உங்கள் தந்தையோ, சித்தப்பாவோ, மாமாவோ இளமையில் சென்னைப் பட்டறையில் இருந்தவராக இருக்கலாம். சோழவரம் போனீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழைய நுழைவுச் சீட்டு, நிகழ்ச்சி நிரல், வண்டியருகே நின்று எடுத்த புகைப்படம் எது இருந்தாலும் இயற்பியல் ஆய்வகத்தில் என்னிடம் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மறுநாளே திருப்பித் தந்துவிடுகிறேன். படத்தில் ஓரமாக அழுக்குச் சட்டையோடு நிற்பவர் யார் என்று மட்டும் பின்பக்கம் பென்சிலால் எழுதித் தாருங்கள்.